தட்டினால் எல்லாம் நீள்வட்டம் ஆகிவிடாது

கேள்வி: மகள் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு நெட் தேர்வுக்குப் படிக்கிறாள். வட்டமாகச் சுற்றும் பொருளை லேசாகத் தட்டினால் பாதை நீள்வட்டம் ஆகும் என்று அவளிடம் உள்ள நோட்ஸ் சொல்கிறது. இழுப்பு விசை எங்கும் ஒரே அளவு என்று கொடுத்திருந்த ஒரு பழைய வினாவில் விடை வேறாக இருக்கிறது. ஒருவர் இதற்கென்றே ஃபார்முலா புத்தகம் தருகிறேன், 4,500 ரூபாய் என்கிறார். வாங்கலாமா? நான் லுங்கி வியாபாரி, கணக்கு அவ்வளவாகத் தெரியாது. - ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: பணத்தை இன்னும் கொடுக்கவில்லைதானே? கொடுக்காதீர்கள். வீட்டில் அடி உருண்ட வாணலி இருந்தால் அதில் ஒரு கோலிக்குண்டை வட்டமாக உருட்டிவிடுங்கள். சுற்றும்போது அதை வெளிப்பக்கமாக விரலால் மெல்லத் தட்டுங்கள். குண்டு வெளியே ஓடிவிடாது, நேராகக் குழியிலும் விழாது. சுற்றிக்கொண்டே கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும், மறுபடி ஏறும். உங்கள் மகளின் குழப்பத்துக்கு விடை இங்கேதான் இருக்கிறது. ஒரு சுற்றுக்குள் எத்தனை முறை இப்படி வெளியே போய் உள்ளே வருகிறது என்று எண்ண வேண்டும்.

வாணலியில் ஏறக்குறைய இரண்டு முறை. சூரியனைச் சுற்றும் கிரகத்துக்கு ஒரே முறை. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில்தான் அது தூரமாகப் போகிறது, பாதை மூடிக்கொள்கிறது, நீள்வட்டம் கிடைக்கிறது. நோட்ஸ் எழுதியவர் இதை எல்லா விசைக்கும் ஒட்டிவிட்டார். இழுப்பு எங்கும் ஒரே அளவு என்றால் சுற்றுக்கு 1.73 முறை. தூரமாகும் இடம் நகர்ந்துகொண்டே போய், பாதை வாசலில் போட்ட பூக்கோலம் மாதிரி இதழ் இதழாக விரியும், மூடாது. வினாத்தாள் சரி, நோட்ஸ் தவறு. எப்படித் தட்டினாலும் மூடும் பாதை தருபவை ஈர்ப்பு, ஸ்பிரிங் இழுப்பு என்ற இரண்டு விதிகள்தான் என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் பெர்ட்ராண்ட் 1873-லேயே நிரூபித்துவிட்டார்.

இந்த 1.73 எங்கிருந்து வந்தது? விசை தூரத்தின் எத்தனையாவது படியோ, அதனோடு மூன்றைக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். மாறாத விசைக்குப் படி 0, மூன்றின் வர்க்கமூலம் 1.73. ஈர்ப்புக்குப் படி −2, விடை 1. ஸ்பிரிங்குக்குப் படி 1, விடை 2. அவ்வளவுதான். இதற்கா 4,500?

பிள்ளைகள் விழும் குழி வேறு. சில புத்தகங்கள் விசையைத் தூரத்தின் படியால் வகுத்து எழுதும், அங்கே அந்த எண்ணை மூன்றிலிருந்து கழிக்க வேண்டும். சில புத்தகங்கள் விசைக்குப் பதிலாக நிலையாற்றலைக் கொடுக்கும், அங்கே அதன் படியோடு இரண்டைக் கூட்ட வேண்டும். மூன்றும் ஒன்றுதான், லுங்கியை எப்படி மடித்தாலும் நீளம் மாறாத மாதிரி. ஃபார்முலா விற்பவர்கள் எது எதற்கு என்று சொல்லாமல் மூன்றையும் ஒரே பக்கத்தில் அடைத்துவிடுகிறார்கள். நகலுக்கு நகல் எடுத்ததில் கழித்தல் குறியே அழிந்துபோன நோட்ஸை நான் பார்த்திருக்கிறேன். கொண்டுவந்து கொடுப்பவருக்குக் கமிஷன், எழுதியது யார் என்று அவருக்கே தெரியாது. படி −3 என்றால் என்ன ஆகும் என்று அவரைக் கேட்டுப் பாருங்கள். கூட்டினால் பூஜ்யம், தட்டிய பொருள் திரும்பி வராது, விலகிக்கொண்டே போகும் அல்லது நடுவில் போய் விழும். "நீள்வட்டம் சார்" என்றால் வணக்கம் சொல்லி அனுப்பிவிடுங்கள்.

அவரை மட்டும் திட்டியும் பயனில்லை. நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும் என்று தேர்வை வைத்துவிட்டு, பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள் என்று நாமே கருத்தரங்கு நடத்துகிறோம். வகுப்பில் வாணலியை எடுத்தால் சிலபஸ் முடியாதாம்.

ஈர்ப்புக்கு ஒரே முறை என்றேனே, அதில் ஒரு விலக்கு உண்டு. நம் ஊர்ப்பக்கத்து விலக்கு என்பதால் விட மனமில்லை. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கப் போனது. கோள் மறைப்பதற்கு முன்பே விண்மீன் வெளிச்சம் சற்று மங்கியது, அமெரிக்கர்கள் விமானத்தில் வைத்துப் பறந்த தொலைநோக்கியிலும், ஜவ்வாது மலையில் நம் காவலூரில் இருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கியிலும். யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது அப்படித்தான் தெரியவந்தது. அவற்றில் எப்சிலான் வளையம் முழு வட்டம் இல்லை. கோளுக்கு அருகே வரும் இடத்துக்கும் தூரமாகும் இடத்துக்கும் சுமார் 800 கிலோமீட்டர் வித்தியாசம். யுரேனஸ் இடுப்பில் பருத்த கோள், அதனால் இழுப்பின் படி சுத்தமாக −2 இல்லை. சுற்றுக்கு ஒரு முறை என்பது ஒன்றுக்கு மயிரிழை குறைந்துவிடுகிறது. வளையத்தின் தூர முனை நாளுக்கு ஏறக்குறைய 1.36 பாகை நகர்ந்து, ஒன்பது மாதத்துக்குள் முழுச் சுற்று வந்துவிடுகிறது. ஆகவே நடுவில் இருக்கும் கோள் தட்டையானது என்று வினாவில் இருந்தால், மூடிய நீள்வட்டம் என்று உங்கள் மகள் எழுதக் கூடாது.

மிச்சமான பணத்தில் ஒரு நாள் அவளை வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாகக் காவலூருக்குக் கூட்டிப் போங்கள். பார்வையாளர்களை எந்த நாளில் விடுகிறார்கள் என்று முன்பே கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.