சின்ன நகரத்து விமான நிலைய வேலையில் பொறியியல் செலவை எப்படிக் கட்டுக்குள் வைப்பது?

கேள்வி கேட்டவர் தங்கள் ஊரின் பழைய ஓடுதளத்தைப் புதுப்பிக்கும் குழுவில் இருக்கிறார். கன்சல்டன்ட் மொத்தத் திட்டச் செலவில் 6 சதவீதம் கேட்கிறாராம். பேரம் பேசி அதை 3-க்குக் கொண்டுவந்துவிட்டால் பொறியியல் செலவு கட்டுக்குள் வந்துவிடுமா என்று கேட்டிருக்கிறார்.

வராது. நானும் ஒரு காலத்தில் வரும் என்றுதான் நினைத்தேன்.

நான் கொழிஞ்சாம்பாறைக்காரி. பாலக்காடு மாவட்டம், ஆனால் வீட்டிலும் கடைவீதியிலும் தமிழ்தான். சிவில் படித்துவிட்டு, எல்லைக்கு இரண்டு பக்கமும் ரோடு, ரயில்வே, விமான நிலையம் என்று எஸ்டிமேட்டும் பில்லிங்கும் பார்த்து வருகிறேன். இதில் ஒரு சின்ன விமான நிலைய வேலையில் கட்டணத்தைக் குறைத்தே ஆகவேண்டும் என்று குழுவில் எல்லோரும் ஒற்றைக்காலில் நின்றார்கள், நானும் கூடச் சேர்ந்து நின்றேன். ஊர் பெயரும் நிறுவனத்தின் பெயரும் இங்கே வேண்டாம். யார் குறைவாகக் கேட்டார்களோ அவர்களுக்கே வேலை போனது. அந்தக் கட்டணத்தில் அவர்களால் என்ன செய்ய முடியுமோ அதைத்தான் செய்தார்கள். விமானம் நிற்கும் ஏப்ரன் மொத்தத்துக்கும் இரண்டே இரண்டு சோதனைக் குழி தோண்டினார்கள், அதுவும் ரோட்டோரமாக, வண்டி போய்வர வசதியான இடத்தில். இரண்டிலும் நல்ல செம்மண். அதை வைத்து டிசைன் போட்டு, எஸ்டிமேட் போட்டு, டெண்டரும் விட்டாயிற்று.

வேலை தொடங்கியது மார்ச் மாதம். எங்களுடன் ஒரு சர்வேயர் இருந்தார், எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள், அறுபதைத் தாண்டியவர். ஏப்ரனின் கிழக்கு மூலையில் நின்றுகொண்டு "அம்மிணி, இங்க கொஞ்சம் வாங்க" என்று கூப்பிட்டார். மேல்மண்ணை வழித்த இடம் கருப்பாக இருந்தது, கை நுழைகிற அகலத்துக்கு வெடிப்பு. கையில் இருந்த ரேஞ்சிங் ராடை, அதுதான் சர்வேக்கு நட்டுவைக்கும் கம்பை, வெடிப்புக்குள் விட்டார், இரண்டடிக்கு மேல் சர்ரென்று இறங்கியது. "கரிசல் அம்மிணி. மழை வந்தா தூக்கும், வெயில் வந்தா எறங்கும். நம்மூர்ல வீட்டுச் செவுரு எப்படி வெடிச்சு நிக்குதுன்னு நீங்க பாக்காததா?" என்றார். சித்தூர் தாலுக்காவில் பிறந்தவர்களுக்குக் கரிசல் மண்ணைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பார்த்தே வளர்ந்த மண், அதைப் பேப்பரில் கோட்டை விட்டிருந்தேன்.

கணக்கு இப்படி ஆனது. 100 மீட்டர் நீளம், 80 மீட்டர் அகலம், 75 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அந்த மண்ணை எடுத்து வெளியே கொட்டிவிட்டு நல்ல மண் நிரப்ப வேண்டும். அதாவது 6,000 கன மீட்டர். ஒரு டிப்பருக்கு 10 கன மீட்டர் வைத்தாலும் போக 600 லோடு, வர 600 லோடு. இது எதுவும் டெண்டரில் இல்லை, எல்லாம் எக்ஸ்ட்ரா ஐட்டம். அதற்குப் புது விலை கணக்கிடும் ரேட் அனாலிசிஸ், ஒப்புதல், கான்ட்ராக்டரோடு இழுபறி. ரீ-டிசைனுக்கு கன்சல்டன்டும் தனியாகப் பணம் கேட்டார், ஒப்பந்தப்படி கேட்க அவருக்கு உரிமையும் இருந்தது. மிச்சம் பிடித்த கட்டணம் எல்லாம் அந்த ஒரு மூலையிலேயே போய், அதற்கு மேலும் பல மடங்கு போனது. இன்னும் எட்டு குழி தோண்டி, மண்ணின் தாங்கும் பலத்தை அளக்கும் சி.பி.ஆர். சோதனை எடுத்திருந்தால் ஆகியிருக்கும் செலவு அதில் ஒரு சின்னத் துண்டுதான்.

அதனால்தான் சொல்கிறேன், பொறியியல் செலவில் குறைக்கக்கூடாத பகுதி மண் பரிசோதனையும் சர்வேயும். அதை கன்சல்டன்ட் கட்டணத்துக்குள் திணிக்காதீர்கள். ஆழத்து மண்ணைப் பார்க்க எத்தனை போர்ஹோல், எத்தனை குழி, எங்கெங்கே என்று நீங்களே எழுதித் தனி ஐட்டமாக, எண்ணிக்கைக்குப் பணம் என்று வையுங்கள். மொத்தத் தொகைக்குள் வைத்தால் குழி தோண்டாமல் விடுவதுதான் அவருக்கு லாபம். எண்ணிக்கைக்குப் பணம் என்றால் தோண்டத் தயங்கமாட்டார்.

பழைய ஓடுதளத்தின் மேல் தார் போட்டுப் புதுப்பிப்பதாக இருந்தாலும் இதே கதைதான். அடியில் என்ன இருக்கிறது, எவ்வளவு தடிமன் என்று பழைய வரைபடத்தில் இருப்பதை நம்பாமல், தளத்தைத் துளைத்து உருளைத் துண்டாகக் கோர் எடுத்துப் பாருங்கள், எடை விழவைத்துத் தளம் எவ்வளவு அமுங்குகிறது என்று அளக்கும் சோதனையையும் செய்யுங்கள். ஏன் என்றால், 1,500 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலமுள்ள ஓடுதளத்தில் ஒரே ஒரு சென்டிமீட்டர் கூடுதலாகப் போட்டால் 450 கன மீட்டர், எடையில் 1,000 டன்னுக்கு மேல் தார்க்கலவை. அதில் தார் மட்டும் 50 டன்னுக்குக் குறையாது. எதற்கும் இருக்கட்டும் என்று டிசைனர் இரண்டு சென்டிமீட்டர் சேர்த்துப் போடுவது சோதனை செய்யாத பயத்தில்தான்.

அடுத்தது எந்த விமானத்துக்காகக் கட்டுகிறீர்கள் என்பது. இதைக் குழு முதல் கூட்டத்திலேயே முடிவு செய்து, எழுதி, கையெழுத்து போட்டுவிட வேண்டும். எழுதாவிட்டால் ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது ஒருவர் "நாளைக்கு ஏர்பஸ் வரும், இப்போதே போட்டுவிடலாமே" என்பார். சின்ன ஊர்களுக்கு வரும் காற்றாடி விமானமான ஏ.டி.ஆர். 72 முழு எடையில் ஏறக்குறைய 23 டன், ஏர்பஸ் ஏ320 அதற்கு மூன்று மடங்குக்கு மேல். சர்வதேசத் தரத்தின்படி ஏ.டி.ஆர். மாதிரி விமானங்களுக்கு 30 மீட்டர் அகல ஓடுதளம் போதும், ஏ320-க்கு 45 வேண்டும். 1,500 மீட்டர் நீளத்துக்கு அந்த 15 மீட்டர் மட்டும் 22,500 சதுர மீட்டர், ஐந்தரை ஏக்கர் தளம். நீளமும் கூடும், தடிமனும் கூடும். ஆசைப்படுவது தப்பில்லை, ஆனால் அந்த ஆசை நிலத்தோடும் மாஸ்டர் பிளானோடும் நிற்கட்டும், இப்போது போடும் தளத்தில் வேண்டாம். பாதி டிசைன் முடிந்தபிறகு விமானத்தை மாற்றினால் கன்சல்டன்ட் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார், அதற்கும் நீங்கள்தான் பணம் தரவேண்டும்.

டிசைனைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. அமெரிக்க விமானத்துறை வெளியிடும் ஃபார்ஃபீல்டு என்ற தளத் தடிமன் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. எந்தெந்த விமானம், வருஷத்துக்கு எத்தனை முறை, மண்ணின் பலம் என்ன என்று கொடுத்தால் தடிமன் சொல்லும். உங்கள் குழுவில் ஒரு சிவில் இன்ஜினியர் இருந்தால் இரண்டு நாளில் பழகிவிடலாம். கன்சல்டன்ட் கொடுத்த தடிமனும் இதில் வருவதும் தூரமாக இருந்தால் உட்கார்ந்து பேசவேண்டும். இன்னொன்று, 2024 நவம்பர் 28 முதல் தளத்தின் வலிமையைப் பழைய பி.சி.என். எண்ணுக்குப் பதிலாக பி.சி.ஆர். என்ற முறையில்தான் சொல்லவேண்டும். பழைய பி.சி.என். கணக்கை நகல் எடுத்து ஒட்டிய ரிப்போர்ட் வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

சதவீதக் கட்டணத்துக்கு வருகிறேன். 6 என்பதை விட அது சதவீதமாக இருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. திட்டச் செலவு ஏறினால் கன்சல்டன்டின் கட்டணமும் ஏறும் என்றால், செலவைக் குறைக்க யோசிப்பவருக்கு நாமே அபராதம் போடுகிறோம் என்று அர்த்தம். என் சித்தப்பா மகன் அமெரிக்காவில் ஒரு சின்ன நகரத்தின் பொதுப்பணிப் பிரிவில் இருக்கிறான். அங்கே சின்ன விமான நிலையங்களின் மேம்பாட்டுக்கு மத்திய அரசின் பங்கு பொதுவாக 90 சதவீதமோ அதற்கு மேலோ. அந்தப் பணத்தோடு நிபந்தனையும் வரும். முதலில் தகுதியை மட்டும் பார்த்து கன்சல்டன்டைத் தேர்ந்தெடுத்து, வேலையின் எல்லையை எழுதி முடித்து, அப்புறம்தான் கட்டணம் பேசவேண்டும். கட்டணம் 1 லட்சம் டாலரைத் தாண்டும் என்றால், அந்த நிறுவனத்தோடு சம்பந்தமில்லாத ஒருவரிடம் அதே வேலைக்கு எவ்வளவு ஆகும் என்று தனி மதிப்பீடு வாங்கிக் கையில் வைத்துக்கொண்டுதான் பேச உட்காரவேண்டும். செலவில் இத்தனை சதவீதம் என்று ஏறிக்கொண்டே போகும் கட்டணம் அங்கே கூடாது. "மதிப்பீடு கையில் இருந்தா பேரம் பேசவே வேண்டாம்க்கா, எங்க இடிக்குதுன்னு அதுவே சொல்லிடும்" என்றான்.

நம் ஊரில் தகுதிக்கும் விலைக்கும் சேர்த்து மார்க் போட்டுத் தேர்ந்தெடுக்கும் முறை இருக்கிறது. 2017-இன் மத்திய அரசு பொது நிதி விதிகளில் கன்சல்டன்ட் தேர்வுக்குத் தகுதிக்கு 80 சதவீதம் வரை மார்க் வைக்க இடம் இருக்கிறது. உங்கள் மாநில விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் குறைந்த விலைக்குத்தான் கொடுக்கவேண்டும் என்று யாராவது அடித்துச் சொன்னால் அப்படியே ஒத்துக்கொள்ளாதீர்கள். தனி மதிப்பீட்டையும் நீங்களே போடலாம். ஒரு எக்செல் ஷீட் போதும். டிசைன் இன்ஜினியர் எத்தனை மாதம், டிராஃப்ட்ஸ்மேன் எத்தனை மாதம், மின்சாரம், வடிகால், விளக்கு யார் பார்ப்பார்கள், சைட்டுக்கு எத்தனை தடவை வருவார்கள், ஆபீஸ் செலவு, லாபம், 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வருகிற தொகையை அவர் கேட்கும் தொகையோடு வரிக்கு வரி வைத்துப் பாருங்கள்.

இதில் எல்லோரும் மறந்துபோகிற வரி மேற்பார்வை. டிசைன் கட்டணம் ஒரு தடவையோடு முடியும், மேற்பார்வைக்கு மாதாமாதம் பணம். வேலை 12 மாதம் என்று போட்டது 20 மாதம் ஆனால் டிசைனில் நீங்கள் பேசிக் குறைத்தது எல்லாம் இங்கே கரையும். விமானம் வந்துபோகிற நிலையம் என்றால் ராத்திரி சில மணி நேரம்தான் ஓடுதளம் கையில் கிடைக்கும், விடியும் முன் போட்ட தாரின் விளிம்பைச் சரிவாகச் சமன் செய்து, கூட்டிப் பெருக்கி, ஒரு ஜல்லி கூடக் கிடக்காமல் திருப்பிக் கொடுக்கவேண்டும். எங்கள் பக்கம் ஜூனில் தொடங்கும் மழை, ஓய்ந்த மாதிரி இருந்துவிட்டு ஐப்பசியில் மறுபடி வரும். தார் வேலைக்கு உண்மையில் கிடைக்கிற ராத்திரிகளை எண்ணிப் பார்த்துவிட்டு மாதக் கணக்குப் போடுங்கள். ஜல்லி எங்கிருந்து வரும் என்பதையும் டெண்டருக்கு முன்பே பாருங்கள். எல்லைப் பக்கம் கிரஷர் ஒரு மாநிலத்தில், வேலை இன்னொரு மாநிலத்தில். ஜல்லி கொண்டுபோகும் அனுமதிச் சீட்டான பாஸ் நின்றால் கோபாலபுரம், வேலந்தாவளம் செக்போஸ்ட்டில் லாரி வரிசையாக நிற்கும், இங்கே தார்க்கலவை விரிக்கும் பேவர் மெஷின் சும்மா நிற்கும். எஸ்டிமேட்டில் லீடு, அதாவது பொருள் கொண்டுவரும் தூரம், 25 கிலோமீட்டர் என்று போட்டுவிட்டு 60 கிலோமீட்டரிலிருந்து எடுக்கவேண்டி வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எதைக் குறைத்தாலும் வடிகாலையும் ஓடுதள முனைப் பாதுகாப்புப் பகுதியையும் தொடாதீர்கள். ஓடுதள முனைக்கு அப்பால் 60 மீட்டர் பட்டை, அதற்கு அப்பால் குறைந்தது 90 மீட்டர், பரிந்துரைப்படி 240 மீட்டர் பாதுகாப்புப் பகுதி. இரண்டு முனையிலும் 240 வைத்தால் 1,500 மீட்டர் ஓடுதளத்துக்கு 2,100 மீட்டர் நீளத்துக்கு நிலம் வேண்டும். அந்த முனையில் என்ன இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று 2020 ஆகஸ்ட் 7-ஆம் தேதி கோழிக்கோட்டில் பார்த்தோம், விமானம் ஓடுதளத்தைத் தாண்டி விழுந்து 21 உயிர் போனது. வடிகாலுக்கு இடுக்கியைச் சொல்வேன். வண்டிப்பெரியாறு பக்கம் சத்திரத்தில் என்.சி.சி.க்காகப் போட்ட 650 மீட்டர் ஓடுதளத்தின் ஒரு பகுதி 2022 மழையில் மண்சரிந்து போனது.

அப்புறம் தென்னை மரம். ஓடுதளத்தை நோக்கி விமானம் இறங்கும் பாதையில் 50-க்கு 1 என்ற சரிவில் ஒரு கற்பனைத் தளம் போகும், துல்லியக் கருவி வழிகாட்டுதலோடு இறங்கும் ஓடுதளத்துக்கு இந்தச் சரிவு. அது தொடங்கும் இடத்திலிருந்து 500 மீட்டரில் அதன் உயரம் 10 மீட்டர்தான். நல்ல தென்னை 15 மீட்டர் சாதாரணமாக நிற்கும், அது வளரவும் செய்யும். இந்தத் தடை சர்வேயைக் கடைசியில் செய்தால், ஓடுதளம் தயாரானபிறகு தோப்புக்காரரிடம் போய் நிற்கவேண்டும், அப்போது அவர் சொல்வதுதான் விலை. எங்கள் சர்வேயர் இதற்கென்றே முதல் வாரத்தில் டோட்டல் ஸ்டேஷன் என்ற சர்வே கருவியைத் தூக்கிக்கொண்டு தோப்புத் தோப்பாகப் போவார். ஒவ்வொரு மரத்துக்கும் நம்பர் போட்டு, உயரம் எழுதி, பக்கத்தில் என்ன வயசு மரம், இன்னும் எவ்வளவு போகும் என்று தோப்புக்காரரிடமே கேட்டு எழுதிக்கொள்வார். அந்த நோட்டின் ஜெராக்ஸ் இன்னும் என்னிடம் இருக்கிறது.

உங்கள் கன்சல்டன்ட் கொடுத்த 6 சதவீதத்துக்குள் இந்த மரக்கணக்கும் குழிக்கணக்கும் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால், அவற்றைத் தனி ஐட்டமாகப் பிரித்துவிட்டு, மிச்சத்தைச் சதவீதத்திலிருந்து மாறாத மொத்தத் தொகையாக மாற்றித் தரச் சொல்லுங்கள். இல்லை என்றால், அவை தனி ஐட்டமாக எழுதப்படும்வரை 3-க்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.