தங்கம் இல்லையென்றால் ஒமேகாவும் இல்லையா?

கேள்வி: என்னுடைய அப்பப்பா மலாயன் ரெயில்வேயில், செந்தூல் பட்டறையில் வேலை பார்த்து 1957இல் ஓய்வுபெற்று ஊருக்கு வந்தவர். அப்போது கொண்டுவந்த ஒமேகா சீமாஸ்டர் கைமணிக்கூடு இப்போது என்னிடம் இருக்கிறது. 1995 இடப்பெயர்வின்போது அப்பா அதைப் பால்மாப் பேணிக்குள் வைத்து வளவுக்குள் தாட்டுவிட்டுப் போய், திரும்பி வந்து எடுத்தாராம். கஸ்தூரியார் வீதியில் ஒரு நகைக்கடையில் காட்டினேன். உரைத்துப் பார்த்துவிட்டு, “இது டூப், 15,000 தரலாம்” என்றார்கள். கொழும்பில் இருந்து பழைய சாமான் வாங்க வருகிற ஒருவர் 90,000 தருவாராம், ஆனால் இன்றைக்கே முடிக்கவேண்டுமாம். லண்டனில் இருக்கிற மச்சான், “5,000 பவுண்ஸ் போகும், விற்காதே” என்கிறான். யாரை நம்புவது? பின்மூடியைத் திறந்து எடுத்த படங்களும் அனுப்பியிருக்கிறேன். (கொக்குவில் வாசகர்)

பதில்: நகைக்கடைக்காரரில் இருந்து தொடங்குவோம். அவர் உங்களை ஏமாற்றப் பார்த்தார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்குத் தெரிந்தது தங்கம். உரைகல்லில் உரைத்தார், தங்கம் இல்லை, ஆகவே டூப் என்றுவிட்டார். உங்கள் மணிக்கூட்டின் பின்மூடி துருப்பிடிக்காத உருக்கு. மேற்பக்கத்தில் மட்டும் தங்கத் தகடு போர்த்தியிருக்கிறது. இது முலாம் இல்லை, அதைவிடத் தடிப்பானது. ஒமேகாவே அந்தக் காலத்தில் இப்படித் தகடு போர்த்து நிறைய மணிக்கூடுகளை விற்றது. முழுத்தங்கம் வாங்க வசதியில்லாத, ஆனால் பார்வைக்குத் தங்கம் வேண்டும் என்ற உத்தியோகத்தர்கள்தான் வாங்கினார்கள். தங்கம் இல்லை என்பது ஒரு விஷயம், ஒமேகா இல்லை என்பது வேறு விஷயம்.

இதே குழப்பம் மறுபக்கமாகவும் நடக்கிறது. பிரித்தானியச் சந்தைக்குப் போன ஒமேகாக்களில் பல, பர்மிங்காமில் டெனிசன் கொம்பனி செய்த 9 கரட் தங்கக் கூட்டுக்குள் வந்தவை. மெசின் சுவிசில் செய்தது, கூடு இங்கிலாந்தில் செய்தது. உள்ளே .375 என்ற எண்ணும், பர்மிங்காம் முத்திரையான சின்ன நங்கூரமும் இருக்கும். 22 கரட்டுக்குக் கீழே எதையும் தங்கமாக மதிக்காத எங்கள் ஊர்க் கண்ணுக்கு 9 கரட் பித்தளை மாதிரித்தான் தெரியும். சுவிஸ் கூடு 18 கரட் என்றால் 0.750 என்ற எண்ணும் ஒரு பெண்ணின் தலையும், 14 கரட் என்றால் 0.585 என்ற எண்ணும் ஒரு அணிலும் அடித்திருப்பார்கள். மலாயாவில் இருந்து வந்த மணிக்கூடு வேறு யாரிடமாவது இருந்தால், முதலில் இந்தக் குறிகளைத் தேடிப் பாருங்கள். மெசினைக் கழற்றி வைத்துவிட்டு, கூட்டைத் தராசில் போட்டுப் பவுண் கணக்கில் விலை சொல்கிற இடத்தில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

சரி, உங்களுடையது ஒமேகாதானா? ஆம். பழைய மணிக்கூட்டைச் சோதிக்கும்போது நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அதன் பாகங்கள் எல்லாம் ஒரே ஆண்டைச் சொல்கின்றனவா? மெசின் ஒரு வயது, கூடு ஒரு வயது, டயல் இன்னொரு வயது என்றால் எங்கேயோ கை வைத்திருக்கிறார்கள்.

மெசின் படம் தெளிவாக இருக்கிறது. செம்பு கலந்த இளஞ்சிவப்பு நிறம், அது அந்தக் கால ஒமேகாவின் அடையாளம். 501 என்று ரகம் அடித்திருக்கிறது, தானாகச் சாவி ஏறும் ரகம். தொடர் இலக்கம் 15 மில்லியன் வரிசையில் இருக்கிறது. அப்படியென்றால் 1956ஐ ஒட்டிச் செய்தது. பின்மூடியின் உள்பக்கத்தில் ஒமேகாவின் பெயரோடு நாலு இலக்க எண் இருக்கிறது. அதுவும் பொருந்துகிறது. 1962இல்தான் ஒமேகா எண் முறையை மாற்றி, தானாகச் சாவி ஏறும் சீமாஸ்டர்களுக்கு 165, 166 என்று தொடங்கும் ஆறு இலக்க எண்களைக் கொண்டுவந்தது. அப்படி ஒன்று உங்கள் மூடியில் இருந்திருந்தால் அப்பப்பாவின் கதையைச் சந்தேகிக்கவேண்டி வந்திருக்கும்.

வெளியே அவருடைய பெயரும் “மலாயன் ரெயில்வே 1957” என்ற பொறிப்பும் இருக்கின்றன. இதில் ஒரு சின்ன விஷயம் எனக்குப் பிடித்தது. போருக்கு முன்னர் அந்த ரெயில்வேக்கு எஃப்.எம்.எஸ். (கூட்டு மலாய் மாநிலங்கள்) ரெயில்வே என்று பெயர். 1948இல்தான் மலாயன் ரெயில்வே ஆனது. பிற்காலத்தில் யாராவது கதை சோடிப்பதற்காகப் பொறித்திருந்தால் இந்த மாதிரி இடத்தில்தான் பிழை விடுவார்கள். பின்மூடியில் கடற்குதிரைப் படம் இல்லையே என்று கேட்டிருந்தீர்கள். சீமாஸ்டர் 1948இல் வந்தது, கடற்குதிரை 1950களின் பிற்பாதியில்தான் மூடியில் ஏறியது. ஆகவே அது இல்லாதது குறை இல்லை.

இனிக் கஷ்டமான பகுதி, டயல்.

உங்கள் டயல் 70 வயது மணிக்கூட்டுக்கு மிதமிஞ்சி வெள்ளையாக இருக்கிறது. படத்தைப் பெருப்பித்து நாலு மணிக் குறியைப் பாருங்கள். பொருத்திய உலோகக் குறி ஒரு பக்கம், அதன் நுனிக்கு நேரே வரவேண்டிய நிமிடக் கோடு கொஞ்சம் தள்ளி. ஒமேகா தொழிற்சாலையில் இப்படி விட்டிருக்க மாட்டார்கள். அடுத்து ஆறு மணிக்குக் கீழே பாருங்கள். “சுவிஸ் மேட்” என்ற எழுத்தின் இரண்டு பக்கமும் ‘ரி’ என்ற ஆங்கில எழுத்து. அது ட்ரிடியத்தைக் குறிப்பது. இருட்டில் ஒளிரும் பூச்சில் ரேடியத்தை விட்டு ட்ரிடியத்துக்கு மாறிய பிறகு, 1960களில் வந்த குறி. 1956 மணிக்கூட்டில் அது இருக்க வழியில்லை. மூன்றாவது சாட்சி முட்கள். முட்களில் உள்ள ஒளிரும் பசை கருகின பழுப்பு நிறம், டயலில் உள்ள புள்ளிகள் இளம் பச்சை. இரண்டும் ஒரே நாளில் பூசினவை என்றால் ஒரே மாதிரித்தான் கிழடாகியிருக்கும்.

ஆக, டயலுக்கு யாரோ திரும்பப் பெயின்ற் அடித்திருக்கிறார்கள், 60களின் டயல் ஒன்றைப் பார்த்து. எப்போது? உங்கள் அப்பாவைக் கேளுங்கள். மண்ணுக்குள் இருந்த மணிக்கூட்டின் டயலில் ஈரம் ஏறிப் புள்ளி விழுந்திருக்கும். கொழும்பிலோ பம்பாயிலோ கொடுத்து “புதுசாக்கி” எடுத்திருக்கலாம். எங்கள் பக்கத்து ஈரக் காற்றில் இது சர்வசாதாரணம், அந்தக் காலத்தில் அதை யாரும் குற்றமாக நினைக்கவும் இல்லை. ஆனால் சேகரிப்பவர்கள் புள்ளி விழுந்த அசல் டயலுக்குக் கொடுக்கிற விலையைப் பளபளப்பான மறுபூச்சுக்குக் கொடுக்க மாட்டார்கள். பழைய மணிக்கூட்டின் விலையில் பெரும்பங்கு டயலில்தான் இருக்கிறது.

முட்களில் இருப்பது ரேடியமாகத்தான் இருக்கவேண்டும். ஒளி எப்போதோ செத்துவிட்டது, கதிரியக்கம் சாகவில்லை. அதன் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள். கண்ணாடி மூடியிருக்கும்வரை பயப்பட ஒன்றும் இல்லை. கண்ணாடியைக் கழற்றி அந்தப் பசையைச் சுரண்டவோ ஊதவோ விடாதீர்கள். திருத்துபவருக்கும் சொல்லிவையுங்கள்.

கண்ணாடி மாற்றியதுதான். அசலாக இருந்தால் நடுவில், லென்சில் மட்டும் தெரியும் அளவுக்குச் சின்ன ஒமேகா சின்னம் இருக்கும். அது சில்லறை விஷயம். கூட்டைப் பற்றி நல்ல செய்தி: பட்டி பூட்டும் கொம்புகளின் ஓரங்கள் இன்னும் கூராக இருக்கின்றன. பொலிஷ் போட்டுப் போட்டுத் தேய்ந்த சவர்க்காரக் கட்டி மாதிரி ஆகிவிட்ட கூடுகளைத்தான் வழமையாகப் பார்க்கிறேன்.

விலைக்கு வருவோம். மச்சான் பார்த்தது அநேகமாக ஒமேகாவின் விலை கூடிய ரகமான கொன்ஸ்டலேஷனின், அதுவும் முழுத்தங்கத்தில் செய்ததின் விலையாக இருக்கும், அதுவும் விற்பவர் கேட்கும் விலை. கேட்கும் விலையை யாரும் எவ்வளவும் போடலாம். விற்று முடிந்த விலையை மட்டும் வடிகட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தகடு போர்த்த கூடு, மறுபூச்சு டயல், சரியான மெசின், பெயர் பொறித்த பின்மூடி. இப்படிப்பட்டதற்கு என் மதிப்பீடு 200 முதல் 350 அமெரிக்க டொலர். அசல் டயல் இருந்திருந்தால் ஏறத்தாழ இரட்டிப்பாகச் சொல்லியிருப்பேன். ரூபாயில் மாற்றிப் பார்த்தால், நீங்கள் அதிகம் சந்தேகப்பட்ட கொழும்புக்காரர்தான் நியாயத்துக்குக் கிட்ட நிற்கிறார்! ஆனாலும் “இன்றைக்கே” என்ற சொல்லுக்கு மசியவேண்டாம். ஒரு கிழமை கேளுங்கள். டயல் மறுபூச்சு என்பதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள், பிறகு வந்து காசைத் திருப்பிக் கேட்கிற சோலி இராது. பெயர் பொறித்தது வெளியாருக்கு ஒரு குறை. உங்கள் குடும்பத்துக்கு அப்படி இல்லை. விற்ற கதை காதில் விழுந்தால் சித்தப்பாமார் கனடாவில் இருந்து உரித்துக் கேட்டுப் போன் எடுக்கவும் கூடும்.

அசல் என்று ஒரு கடிதம் வாங்கிவிட்டால் போதாதா என்றும் கேட்டிருந்தீர்கள். கொம்பனியின் பழைய பதிவேட்டுக் குறிப்பு, அந்த இலக்கமுள்ள மெசின் எப்போது செய்யப்பட்டு எந்த நாட்டுக்குப் போனது என்று சொல்லும். இன்றைக்கு அதன்மேல் இருக்கிற டயலுக்கு அது சாட்சி இல்லை. 2021இல் ஜெனீவா ஏலத்தில் ஒரு ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் 30 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேலே போனது. வாங்கியது ஒமேகாவின் சொந்த அருங்காட்சியகம். 2023இல் அது பல மணிக்கூடுகளின் பாகங்களைச் சேர்த்து ஒட்டியது என்று தெரியவந்தது, கொம்பனியில் முன்பு வேலை செய்தவர்களின் கையும் அதில் இருந்ததாக ஒமேகாவே சொன்னது. உங்கள் மணிக்கூட்டின் விலைக்கு இதற்கெல்லாம் காசு செலவழிப்பது வீண்.

வைத்திருப்பது என்று முடிவெடுத்தால் ஒரு வேலை உடனே செய்யவேண்டும். சாவித் தண்டு உள்ளே போகிற இடத்தில் பழுப்புப் படிவு தெரிகிறது, அது துரு. எண்ணெயும் எப்போதோ காய்ந்திருக்கும். அப்படியே கட்டிக்கொண்டு திரிந்தால் சக்கரங்கள் உரஞ்சித் தேயும். சாவி கொடுக்காமல், ஆட்டாமல் கொண்டுபோய், கழற்றிக் கழுவி எண்ணெய் விடத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பற்றரி மாற்றுகிற கடை இதற்குச் சரிவராது. கொம்பனி சேவை நிலையத்துக்கு அனுப்புவதானால், “பொலிஷ் போடவேண்டாம், டயலும் முட்களும் மாற்றவேண்டாம், கழற்றின பாகங்களைத் திருப்பித் தரவேண்டும்” என்று எழுத்தில் கொடுங்கள். கேட்காவிட்டால் அவர்கள் நல்லெண்ணத்தோடு எல்லாவற்றையும் புதிதாக்கி அனுப்பிவிடுவார்கள். கொடுக்க முதல் மெசின், மூடியின் உள்பக்கம், டயல் மூன்றையும் படம் எடுத்து வையுங்கள். விற்பதற்காக அந்தப் படங்களை வெளியே போட்டால், தொடர் இலக்கத்தின் கடைசி மூன்று இலக்கங்களையும் அப்பப்பாவின் பெயரையும் மறைத்துவிடுங்கள். போலி செய்கிறவர்களுக்கு அசல் இலக்கம் கிடைப்பதே பெரிய உதவி.