டீச்சர் பதில்கள்: காதால் கேட்கும் கதைகள்

(பாப்பாரப்பட்டி பக்கம் தொடக்கப்பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஆசிரியை, பிள்ளைகளுக்கான ஆடியோ கதைகள் குறித்த வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

நானும் வீட்டுக்காரரும் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறோம். ஐந்து வயது மகன் ஊரில் என் அம்மாவிடம் வளர்கிறான். எந்நேரமும் செல்போனில் கார்ட்டூன்தான். அதற்குப் பதில் ஆடியோ கதை போட்டுவிடச் சொல்லலாமா? அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.
- வாசகி, பாலக்கோடு

தாராளமாகப் போடச் சொல்லுங்கள் கண்ணு. ஆனால் முதல் கதை உங்கள் குரலில் இருக்கட்டும். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் வாட்ஸ்அப்பில் ஐந்து நிமிடம் ஒரு கதையைப் பேசி அனுப்புங்கள். நடுவில் தடுமாறினாலும் அழித்துவிட்டு மறுபடி பேச வேண்டாம். பக்கத்தில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டாலும் பரவாயில்லை. அம்மா இருக்கிற இடத்தின் சத்தம் அது, பிள்ளைக்கு அதுவும் வேண்டும்.

என்ன கதை சொல்வதென்று மலைப்பாக இருந்தால், பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தைப் பாருங்கள். தமிழிலேயே நிறைய படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றைப் படித்துவிட்டு, போனை ஓரமாக வைத்து, உங்கள் பேச்சில் சொல்லுங்கள். எழுத்தைப் பார்த்து ஒப்பித்தால் பாடம் நடத்துகிற மாதிரி இருக்கும், பிள்ளை எழுந்து ஓடிவிடுவான்.

கார்ட்டூனை ஒரே நாளில் பிடுங்கினால் அவன் ஆயாதான், அதாவது உங்கள் அம்மாதான், பாடுபட வேண்டும். கைக்கு வேலை இருக்கும் நேரமாகப் பார்த்துக் கதையைப் போடச் சொல்லுங்கள். கடலைக்காய் உரிக்கும்போது, அவரைக்காய் ஆயும்போது. கை சும்மா இருந்தால் போனைத்தான் தேடும். போனைக் கவிழ்த்து வைக்க வேண்டும், இது ரொம்ப முக்கியம். ஆயாவும் கூடவே உட்கார்ந்து கேட்கட்டும். முடிந்ததும் "அப்புறம் அந்த நரி என்னடா பண்ணுச்சு?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். இதற்குப் படிப்பு எதற்கு? அடுத்த முறை ஊருக்கு வரும்போது அவருக்குத் தெரிந்த கதைகளை நீங்கள் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். அவை எந்தத் தளத்திலும் கிடைக்காது.

வெளிநாட்டுக் கதைகள் நம் பிள்ளைகளுக்கு ஒட்டுமா? ஆங்கிலம் வரும் என்பதற்காக ஆங்கிலத்திலேயே போடு என்கிறார் என் கணவர்.
- வாசகி, ஓசூர்

ஒட்டும். கதைகள் நமக்கு முன்பே ஊர் சுற்றியவை. பிள்ளையைக் காப்பாற்றிய கீரியைத் தவறாக நினைத்துக் கொன்றுவிட்ட பார்ப்பனியின் கதை பஞ்சதந்திரத்தில் இருக்கிறது, சிலப்பதிகாரத்தில் கோவலன் வரலாற்றிலும் வருகிறது. அதே கதையை வேல்ஸ் நாட்டில் பெத்கெலர்ட் என்ற ஊரில் சொல்கிறார்கள். அங்கே கீரிக்குப் பதில் கெலர்ட் என்ற நாய், பாம்புக்குப் பதில் ஓநாய்.

எனக்கு மிகவும் பிடித்தவை ஆப்பிரிக்காவின் கானா நாட்டு அகான் மக்களின் அனான்சி கதைகள். அனான்சி ஒரு சிலந்தி. உலகத்துக் கதைகள் எல்லாம் வானத்துக் கடவுள் நியாமேயிடம் இருக்கின்றன. விலைக்குக் கேட்கிறது அனான்சி. மலைப்பாம்பு, சிறுத்தை, குளவிக்கூட்டம் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு வா என்கிறார் கடவுள். குளவியை எப்படிப் பிடிப்பது? அனான்சி வாழை இலையைத் தலைமேல் பிடித்துக்கொண்டு, கூட்டின்மேலும் தன்மேலும் தண்ணீரைத் தெளித்து, "மழை வந்துவிட்டது, என் சுரைக்குடுவைக்குள் வந்துவிடுங்கள்" என்கிறது. எல்லாம் உள்ளே போனதும் வாயை அடைத்துவிடுகிறது. எங்கள் தெருவில் ஒரு சிறுமி இந்த இடத்தில் உரித்த கடலையை மடியிலேயே விட்டுவிட்டு, "குளவி நனைஞ்சா பறக்காதா டீச்சர்?" என்று கேட்டாள். வாழை இலையும் சுரைக்குடுவையும் குளவியும் அவளுக்குத் தெரிந்தவை. கானா எங்கே இருக்கிறது என்று அப்புறம் மெதுவாகக் கேட்டாள். அடிமைக் கப்பல்களில் கொண்டுபோகப்பட்ட மக்களோடு இந்தச் சிலந்தி ஜமைக்காவுக்கும் போய்ச் சேர்ந்தது என்பதை அவள் வளர்ந்த பிறகு சொல்வேன்.

ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 2005-இல் தொடங்கிய 'லிப்ரிவாக்ஸ்' தளத்தில், காப்புரிமை முடிந்த புத்தகங்களைத் தன்னார்வலர்கள் வாசித்து வைத்திருக்கிறார்கள். ஈசாப் கதைகள், கிரிம் கதைகள் எல்லாம் இலவசம். ஆனால் கதையை முதலில் வீட்டுப் பேச்சில் சொல்லுங்கள். உங்கள் ஊரில் அது தமிழோ, தெலுங்கோ, கன்னடமோ எதுவானாலும் சரி. கதை தெரிந்த பிறகு ஆங்கிலத்தில் கேட்டால் பிள்ளை தானே பிடித்துக்கொள்ளும். புரியாத பாஷையில் ஒரு மணி நேரம் ஓடவிட்டால் அது வெறும் சத்தம். உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

ஓநாய் பாட்டியை விழுங்கும் கதையைக் கேட்டு மகள் ராத்திரியில் பயப்படுகிறாள். நிறுத்திவிடலாமா?
- வாசகர், காவேரிப்பட்டணம்

நீங்கள் முதலில் தனியாகக் கேட்டுப் பார்த்துவிட்டுப் போடுங்கள். இந்த ஓநாய் கதையையும் தொகுத்த ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்ட முதல் பதிப்பில், ஸ்னோ ஒயிட் என்ற சிறுமியைக் கொல்லச் சொன்னது பெற்ற தாய். 1819 பதிப்பில்தான் அந்தத் தாயை மாற்றாந்தாய் ஆக்கினார்கள். அவர்களே பிள்ளைகளுக்காக மாற்றும்போது நீங்களும் மாற்றிச் சொல்லலாம். ஆனால் ஓநாய் விழுங்கிய இடத்தில் மட்டும் நிறுத்தாதீர்கள். பாட்டி வெளியே வரும்வரை கேட்டால்தான் பயம் தெளியும். பாதியில் அணைத்தால் ராத்திரி முழுக்கப் பாட்டி உள்ளேயே கிடப்பாள். தூங்கும் நேரத்துக்கு வேறு கதை வையுங்கள்.

பாட்டு, கவிதை எதைப் போடலாம்?
- வாசகி, ஊத்தங்கரை

கை தட்ட வருகிறதா என்று பாருங்கள், வந்தால் போடுங்கள். 'சாய்ந்தாடம்மா'வில் தொடங்கலாம். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்கு ஜப்பானியக் கவிஞர் இஸ்ஸாவின் ஹைக்கூ நன்றாக இருக்கும். ஈயை அடிக்காதே, பார், கையைத் தேய்க்கிறது, காலைத் தேய்க்கிறது என்று ஒன்று உண்டு. அதைச் சொல்லிவிட்டு, சாப்பாட்டுத் தட்டு ஓரத்தில் உட்காரும் ஈயைக் காட்டுங்கள்.