பைபிளின் பிலிப்பியர் 4:13 செல்வம் சேரும் என்ற வாக்குறுதியா?

இல்லை. "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்னும் வசனத்தைத் தொழில் வளர்ச்சிக்கான வாக்குறுதியாகப் பலர் எடுத்துக்கொண்டாலும், சிறையிலிருந்த அப்போஸ்தலன் பவுல், பிலிப்பி நகரத்துச் சபையார் தங்கள் தூதரான எப்பாப்பிரோதீத்துவின் கையில் அனுப்பிய உதவிக்கு நன்றி சொல்லும் இடத்திலேயே இதை எழுதுகிறார். தாழ்ந்திருக்கவும் வாழ்ந்திருக்கவும், திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும் தாம் கற்றிருப்பதாக முந்தைய வசனத்தில் கூறுவதால், எந்த நிலையையும் மனநிறைவோடு தாங்கும் வலிமையைப் பற்றியே அவர் பேசுகிறார். பட்டினியைப் போலவே திருப்தியைத் தாங்கவும் பெலன் வேண்டும் என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். பவுல் செல்வத்தைப் பழிக்கவுமில்லை. அவருடைய மற்றொரு நிருபமான 1 தீமோத்தேயு 6:10 பணத்தையல்ல, பண ஆசையையே தீமைக்கு வேர் என்கிறது. அதே அதிகாரத்தின் 17, 18 வசனங்கள், ஐசுவரியவான்கள் சொத்து முழுவதையும் துறக்க வேண்டும் என்று சொல்லாமல், நிலையற்ற ஐசுவரியத்தின்மேல் நம்பிக்கை வைக்காமல் தாராளமாய்க் கொடுக்கும்படி கட்டளையிடுகின்றன.