தென் மாநிலங்கள் எதற்காகப் பிரிந்தன?

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போர் அடிமை முறையை ஒழிப்பதற்காக நடந்தது என்று பள்ளியில் படித்தோம். ஆனால் அது மாநில உரிமைக்காகவும் சுங்க வரிக்காகவும் நடந்த போர் என்றும், அடிமைகளை விடுவிப்பது தம் நோக்கமல்ல என்று லிங்கனே கடிதம் எழுதியிருக்கிறார் என்றும் அண்மையில் ஓர் உரையில் கேட்டேன். மாநில சுயாட்சி கேட்கும் நாம் அப்படியானால் தென் மாநிலங்களின் பக்கமல்லவா நிற்க வேண்டும்? (வாசகர் ஒருவர், திருச்சி)

பதில்: வேண்டியதில்லை. மாநில உரிமையில் உங்களுக்குள்ள பற்றை மதிக்கிறேன். அந்தப் பற்று உள்ளவர்தான் இந்த வரலாற்றை மற்றவர்களைவிடக் கவனமாகப் படிக்க வேண்டும் என்றும் சொல்வேன். ஏனென்றால், போருக்கு முந்தைய பத்தாண்டுகளில் மாநிலங்களின் சட்டங்களை மத்திய அரசின் பலத்தைக் கொண்டு நசுக்கச் சொன்னவர்கள் தென் மாநிலத் தலைவர்களே.

1850-இல் அவர்கள் வற்புறுத்திப் பெற்ற தப்பியோடிய அடிமைகள் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடிமை முறையை எப்போதோ ஒழித்துவிட்ட வட மாநிலம் ஒன்றில் வாழும் கறுப்பினத்தவரை, ‘இவர் என் அடிமை’ என்று ஒருவர் உரிமை கோரினால், அவ்வழக்கை மத்திய அரசு நியமித்த ஆணையர் விசாரிப்பார். பிடிபட்டவருக்குத் தம் தரப்பில் சாட்சி சொல்லும் உரிமை இல்லை. ஜூரி விசாரணையும் இல்லை. அவரை உரிமையாளரிடம் ஒப்படைக்கத் தீர்ப்பளித்தால் ஆணையருக்குக் கட்டணம் 10 டாலர். விடுவித்தால் 5 டாலர். வழியில் போகிற பொதுமக்களையும் பிடித்துக்கொடுக்க உதவும்படி கட்டாயப்படுத்தலாம். அடைக்கலம் கொடுத்தவருக்கு ஆயிரம் டாலர்வரை அபராதமும் ஆறு மாதம்வரை சிறையும் உண்டு. அடிமை முறை தெற்கில் எங்கோ நடக்கும் ஒன்று என்று அதுவரை ஒதுங்கியிருந்த வடக்கத்திய குடும்பங்களின் வாசலுக்கே இந்தச் சட்டம் அதைக் கொண்டுவந்து நிறுத்தியது.

1854-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரில், மிசூரியிலிருந்து தப்பி வந்த ஜோஷுவா குளோவர் என்பவர் இச்சட்டத்தின்படி சிறையில் அடைக்கப்பட்டார். மக்கள் திரண்டு சிறைக் கதவை உடைத்து அவரை மீட்டனர். அவர் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தார். மக்களைத் திரட்டியதாக ஷெர்மன் பூத் என்ற பத்திரிகை ஆசிரியர் மீது வழக்கு வந்தபோது, அந்தச் சட்டமே அரசியலமைப்புக்கு முரணானது என்று விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றம் துணிந்து அறிவித்தது. மாநில உரிமைக்கு இதைவிடத் தெளிவான குரல் அந்தக் காலத்தில் எழுந்ததாக எனக்குத் தெரியவில்லை. 1859-இல் அத்தீர்ப்பை ரத்து செய்து, மத்திய அதிகாரமே மேலானது என்று எழுதியவர் தலைமை நீதிபதி ரோஜர் டேனி. கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது என்று அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன் டிரெட் ஸ்காட் வழக்கில் தீர்ப்பளித்தவரும் அவரே.

பிரிந்தவர்கள் என்ன காரணம் சொன்னார்கள் என்பதையும் நாம் ஊகிக்க வேண்டியதில்லை; அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். 1860 டிசம்பர் 20 அன்று முதலில் பிரிந்த தென் கரோலினா, நான்கு நாள் கழித்து வெளியிட்ட அறிக்கையில், தப்பியோடியவர்களைத் திருப்பி அனுப்பாத வட மாநிலங்களைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுகிறது. அடிமைகளோடு தன் எல்லைக்குள் பயணம் செய்யக்கூட நியூயார்க் அனுமதிப்பதில்லை என்பதும் அதில் ஒரு புகார். அதாவது, நியூயார்க் தன் மாநிலத்துக்குத் தானே சட்டம் இயற்றிக்கொண்டதுதான் பிரிவினைக்குக் காரணமாகக் காட்டப்படுகிறது. தங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு முழுவதுமாகப் பிணைந்தது என்று மிசிசிப்பியின் அறிக்கை தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. பிரிந்தவர்கள் தமக்கென்று எழுதிக்கொண்ட அரசியலமைப்பு, அடிமைகள் மீதான சொத்துரிமையைப் பாதிக்கும் சட்டம் எதையும் தம் நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றக் கூடாது என்று தடுத்தது. எந்த மாநிலத்துக்குள்ளும் அடிமைகளோடு சென்று தங்கும் உரிமையையும் அது குடிமக்களுக்கு அளித்தது.

சுங்க வரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1832-இல் தென் கரோலினாவுக்கும் மத்திய அரசுக்கும் வரியை ஒட்டிக் கடும் மோதல் நடந்தது உண்மை. ஆனால் 1857-இல் வரி வெகுவாகக் குறைக்கப்பட்டது; அந்தக் குறைப்பைத் தெற்கத்திய உறுப்பினர்கள் ஆதரித்தார்கள். வரியை மீண்டும் உயர்த்திய சட்டம் 1861 மார்ச்சில்தான் நிறைவேறியது. அதற்குள் ஏழு மாநிலங்கள் பிரிந்து போயிருந்தன.

நாடு ஒரே நாளில் பிளக்கவில்லை என்பதையும் நீங்கள் நினைவில் கொள்ள வேண்டும். அரசியல் கட்சிகளுக்கு முன்பே திருச்சபைகள் உடைந்தன. தென் மாநிலமான ஜார்ஜியாவைச் சேர்ந்த பேராயர் ஜேம்ஸ் ஆண்ட்ரூ அடிமைகளை வைத்திருக்கலாமா என்ற கேள்வியில் 1844-இல் மெதடிஸ்ட் சபை வடக்கு, தெற்கு என்று பிரிய முடிவெடுத்தது. அடுத்த ஆண்டே பாப்டிஸ்டுகளும் பிரிந்தார்கள். ஒரே வேதத்தைப் படித்து ஒரே பாட்டைப் பாடியவர்கள் ஒரு கூரையின் கீழ் தொழ முடியாமல் போனதை, 1860-இல் ஜனநாயகக் கட்சி இரண்டானதைவிடப் பெரிய அறிகுறியாக நான் கருதுகிறேன். அந்தக் கட்சிப் பிளவும்கூட உங்கள் கேள்விக்குப் பொருத்தமானதே. அக்கட்சியின் சார்ல்ஸ்டன் மாநாட்டிலிருந்து தெற்கத்தியப் பிரதிநிதிகள் வெளியேறியது, இன்னும் மாநிலமாகாத புதிய ஆட்சிப் பகுதிகளில் அடிமை முறைக்கு மத்திய அரசே பாதுகாப்பளிக்க வேண்டும் என்ற கோரிக்கையைக் கட்சி ஏற்காததால்தான்.

லிங்கனுக்கு வருகிறேன். அடிமை முறை ஏற்கெனவே இருக்கும் மாநிலங்களில் தலையிட மாட்டேன், அது புதிய பகுதிகளுக்குப் பரவுவதை மட்டும் தடுப்பேன் என்று சொல்லித்தான் அவர் 1860 தேர்தலில் வென்றார். அதுவே தெற்கைக் கலங்கடித்தது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் சம எண்ணிக்கையில் உறுப்பினர்கள் உள்ள செனட் அவையில், 1850-க்கு முன் அடிமை முறை உள்ள மாநிலங்கள் 15, இல்லாத மாநிலங்கள் 15 என்று சமநிலை இருந்தது. 1860-இல் அடிமை முறை இல்லாத மாநிலங்கள் 18 ஆகிவிட்டன. பரவ முடியாத அடிமை முறை ஒருநாள் வாக்குகளால் தோற்கும் என்று தோட்ட முதலாளிகள் கணக்கிட்டார்கள், அந்தக் கணக்கு தவறானதும் அல்ல. ஆகவே பள்ளிப் பாடத்தைச் சற்றுத் திருத்தி இப்படிப் படியுங்கள்: தெற்கு அடிமை முறையைக் காப்பதற்காகப் பிரிந்தது, வடக்கு முதலில் ஒன்றியத்தைக் காப்பதற்காகப் போரிட்டது, போரின் போக்கில், தாமாகவே தப்பி வடக்குப் படை முகாம்களை நோக்கி வந்த ஆயிரக்கணக்கான அடிமைகளின் நெருக்குதலாலும் அது விடுதலைப் போராக மாறியது. நீங்கள் குறிப்பிடும் கடிதம் 1862 ஆகஸ்ட் 22 அன்று ஹோரஸ் கிரீலி என்ற பத்திரிகை ஆசிரியருக்கு லிங்கன் எழுதியது. அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பே, ஜூலை 22 அன்று, அடிமைகளை விடுவிக்கும் விடுதலைப் பிரகடனத்தின் வரைவை அவர் தம் அமைச்சர்களுக்கு வாசித்துக் காட்டிவிட்டார். தயங்கிய வட மாநிலங்களையும், ஒன்றியத்தில் தங்கிவிட்ட எல்லையோர அடிமை மாநிலங்களையும் தயார்ப்படுத்த எழுதிய கடிதம் அது. அந்தத் தேதிகளைச் சொல்லாமல் கடிதத்தை மட்டும் மேற்கோள் காட்டுவது நேர்மையாகாது.

கடைசியாக, மாநில உரிமை என்றால் யாருடைய உரிமை என்பதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். 1860-இல் தென் கரோலினாவின் மக்கள்தொகை சுமார் 7 லட்சம். அவர்களில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அடிமைகள். பிரிவினைக்கு ஒருமனதாக வாக்களித்த 169 பிரதிநிதிகளில் ஒருவரைக்கூட அந்த 4 லட்சம் பேர் தேர்ந்தெடுக்கவில்லை. அவர்களுள் ஒருவரான ராபர்ட் ஸ்மால்ஸ், 1862 மே மாதத்தில் ஒரு விடியற்காலையில், தம் குடும்பத்தையும் தோழர்களையும் ஏற்றிக்கொண்டு, தெற்குப் படையின் பிளான்டர் என்ற கப்பலைச் சார்ல்ஸ்டன் துறைமுகத்தின் பீரங்கிகளைக் கடந்து ஓட்டிச் சென்று வடக்குக் கடற்படையிடம் ஒப்படைத்தார். போர் முடிந்தபின், 1868-இல் அதே தென் கரோலினாவுக்குப் புதிய அரசியலமைப்பை எழுத ஒரு பேரவை கூடியது. அம்முறை கறுப்பின ஆண்களும் வாக்களித்திருந்தார்கள். பிரதிநிதிகளில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர், ஸ்மால்ஸும் அவர்களில் ஒருவர். எல்லாக் குழந்தைகளுக்கும் கட்டணமில்லாத பொதுப் பள்ளிகள் வேண்டும் என்று அந்தப் பேரவை எழுதி வைத்தது.