வெயிலும் பிரசவத் தேதியும்: வாசகர் கேள்விகள்

கே: பிரசவத்துக்கு 'சீசன்' உண்டு என்கிறார்களே, உண்மையா?

ப: உண்மைதான். 1831-லேயே பிரெஞ்சு மருத்துவர் வில்லெர்மே கருத்தரிப்புகளை மாதவாரியாகப் பிரித்து இந்த ஏற்ற இறக்கத்தைக் காட்டினார். ஆனால் பிரசவங்களின் உச்சம் ஊருக்கு ஊர் மாறும். அமெரிக்காவின் பழைய பதிவுகளில் வட மாநிலங்களுக்குக் கோடை, தென் மாநிலங்களுக்கு இலையுதிர் காலம்.

கே: கோடையில் கரு தங்காது என்று உறவினர்கள் சொல்கிறார்கள். சில மாதங்கள் தள்ளிப்போடலாமா?

ப: வேண்டாம். உறவினர்கள் சொல்வதில் துளி உண்மை உண்டு. அதை ஊதிப் பெரிதாக்கிவிட்டார்கள். விதைப்பை உடல் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் விந்தணு சரியாக உருவாகும். ஒரு விந்தணு முதிர 70 நாட்களுக்கு மேல் ஆகும் என்பதால், இன்றைய சூட்டின் பாதிப்பு வெயில் தணிந்த பிறகும் தொடரலாம். அமெரிக்காவின் 1931 முதல் 2010 வரையிலான கணக்குகளில், கடும் வெப்ப நாட்களுக்குப் பின் 8 முதல் 10 மாதங்களில் பிறப்பு குறைந்தது. எவ்வளவு தெரியுமா? ஒரு வெப்ப நாளுக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம். அதிலும் ஒரு பகுதி அடுத்தடுத்த மாதங்களில் ஈடாகிவிட்டது. ஏசி பரவியபின் பாதிப்பும் குறைந்தது. இதற்காக ஒரு கோடையை வீணாக்குவானேன்?

கணவருக்கு ஒரு வார்த்தை: மடியில் லேப்டாப், நீண்ட வெந்நீர்க் குளியல் இரண்டையும் விடுங்கள். காய்ச்சல் வந்து சில வாரங்களில் எடுத்த விந்துப் பரிசோதனை மோசமாக வந்தால் கலங்காமல், மூன்று மாதம் கழித்து மறுபடி எடுங்கள். மனைவியின் ரிப்போர்ட்டுகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவரும் சிலர், தங்களுடையதை மட்டும் வீட்டிலேயே வைத்துவிடுகிறார்கள்!

கே: பௌர்ணமியன்று பிரசவம் அதிகமாமே?

ப: இல்லை. 1965-இல் மின்தடையால் நியூயார்க் இருளில் மூழ்கிய இரவுக்கு ஒன்பது மாதம் கழித்துக் குழந்தைகள் குவிந்ததாகச் சொல்வதும் இதே ரகக் கதைதான்; எண்ணிப் பார்த்தபோது வழக்கமான கணக்குதான் வந்தது.

கே: எனக்கு எட்டாம் மாதம். வெயில் கொளுத்துகிறது. முன்கூட்டியே வலி வருமா?

ப: வாய்ப்பு சற்றுக் கூடும். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த 2020-ஆம் ஆண்டு அலசலில், வெப்பநிலை 1 டிகிரி ஏறினால் குறைப்பிரசவ வாய்ப்பு சுமார் 5 சதவீதம் உயர்வதாகத் தெரிந்தது. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடியுங்கள். சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் குடித்தது போதவில்லை. வயிறு விட்டுவிட்டு இறுகினாலோ, நீர் கசிந்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ அடுத்த செக்கப் தேதியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்; உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.