நோன்பு மாதமும் வேலை நேரமும்: குமரி முதலாளிகள் கேட்கும் கேள்விகள்

ரமலான் நெருங்கும்போது கடை, தோட்டம், ஆலை நடத்துபவர்களிடமிருந்து வரும் கேள்விகள் பெரும்பாலும் நல்லெண்ணத்தில் பிறந்தவை. ஆனால், நோன்பு வைக்கும் தொழிலாளியிடம் ஒரு வார்த்தை கேட்காமலேயே பாதி முடிவை எடுத்துவிட்டுத்தான் பலரும் எனக்கு எழுதுகிறார்கள். கீழே உள்ள பதில்களில் அந்தக் குறையைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் துணிக்கடையில் ஆறு விற்பனையாளர்கள் நோன்பு வைக்கிறார்கள். நோன்பு திறக்கும் நேரத்தில்தான் கடையில் கூட்டம் நெரிகிறது. மதிய இடைவேளையை நீக்கிவிட்டு ஐந்து மணிக்கே வீட்டுக்கு அனுப்பிவிடலாமா? – மேலாளர், நாகர்கோவில்

இடைவேளையை நீக்க முடியாது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 தொடர்ந்து நான்கு மணி நேர வேலைக்குப் பின் ஒரு மணி நேர ஓய்வு தரவேண்டும் என்கிறது. சாப்பிடாதவருக்கும் அது உண்டு. லுஹர் என்ற மதியத் தொழுகையைத் தொழவும் சற்றுக் கண்ணயரவும் அந்த ஒரு மணி நேரம்தான் அவர்களுக்குக் கிடைக்கிறது.

ஐந்து மணிக்கு அனுப்புவது சிலருக்கு வரம், சிலருக்கு நட்டம். விற்பனையை ஒட்டி ஊக்கத்தொகை வாங்குபவருக்கு மாலைக் கூட்டம்தான் வருமானம். ஆறு பேரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள்.

இருந்து வேலை செய்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நம் மாவட்டத்தில் சூரியன் மறைவது ஏறக்குறைய மாலை ஆறரை மணிக்கு. மாதம் முழுவதும் இரண்டு மூன்று நிமிடங்களுக்கு மேல் மாறாது. ஆகவே ஒரே அட்டவணை போதும். நோன்பு வைத்தவர்களை இரண்டு அணியாகப் பிரித்து அனுப்பும் யோசனை உதவாது. தொழுகை அழைப்பான பாங்கு எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான். மாறாக, மற்ற ஊழியர்களின் தேநீர் இடைவேளையை ஐந்தரைக்கு முன்தள்ளுங்கள். ஆறரைக்கு அவர்கள் கவுண்டரில் நிற்கட்டும். நோன்பு திறந்து மஃரிப் என்ற மாலைத் தொழுகையைத் தொழுதுவிட்டு வர அரை மணி நேரம் தாராளம்.

உண்மையான சோதனை கடைசிப் பத்து நாட்கள். பெருநாள் துணி எடுக்க வருபவர்களால் கடை நிறைவதும் அப்போதுதான், இரவுத் தொழுகைகள் நீள்வதும் அப்போதுதான். கடை அடைத்து, தராவீஹ் என்ற ரமலான் இரவுத் தொழுகை முடித்து, படுத்து, சஹர் என்ற விடியலுக்கு முந்தைய உணவுக்கு நாலரைக்கு முன்பே எழுபவருக்குப் பசியைவிடத் தூக்கமின்மைதான் பெரும் பாரம். முஸ்லிம் வாடிக்கையாளர்கள் வருகிறார்கள் என்பதற்காக முஸ்லிம் ஊழியர்களையே இரவு கடைசி வரை நிறுத்தும் வழக்கம் சில கடைகளில் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். கட்டு இறக்குவது, ஏணி ஏறி அடுக்குவது போன்றவற்றைக் காலையில் முடியுங்கள். இருக்கை கட்டாயம் போட வேண்டும்: 2021ஆம் ஆண்டுத் திருத்தம் கடை ஊழியர் எல்லோருக்கும் உட்காரும் வசதியைச் சட்டமாக்கிவிட்டது. அது நோன்புக்கு மட்டுமான சலுகை இல்லை.

நோன்பு வைப்பவர்கள் எதிரில் டீ குடிக்கலாமா? – கணக்காளர், மார்த்தாண்டம்

தாராளமாகக் குடிக்கலாம். ஒளிந்து ஒளிந்து குடிப்பதுதான் அவர்களுக்குச் சங்கடம். "ஒரு வாய் குடித்தால் என்ன?" என்று மட்டும் கேட்காதீர்கள்.

எனக்குச் சிறிய ரப்பர் தோட்டம். பால்வெட்டுபவர் நோன்பு வைப்பவர். வெட்டுக்குக் கிளம்பும் நேரமும் சஹர் நேரமும் மோதுகின்றன. – குலசேகரம்

விடியலின் குளிர்ச்சியில் மரத்தின் உள்ளழுத்தம் அதிகம். பால் நன்றாக ஓடும். அதனால்தான் இருட்டிலேயே வெட்டப் போகிறோம். பிப்ரவரி, மார்ச்சில் சஹர் முடிவது ஏறக்குறைய ஐந்தே கால். அவர் வீட்டில் உண்டு, சுப்ஹு என்ற அதிகாலைத் தொழுகையைத் தொழுதுவிட்டு ஆறு மணிக்கு வெட்டத் தொடங்கினாலும் வெயில் ஏறுவதற்குள் பெரும்பகுதி முடிந்துவிடும். பால் கொஞ்சம் குறையலாம். அந்தக் குறையை அவர் கூலியில் காட்டாதீர்கள்.

அவரை வாட்டுவது வெட்டு இல்லை, அதற்குப் பிறகுள்ள வேலை. பால் எடுத்து, வாளியைச் சரிவில் சுமந்து, உறையவைத்து, ஷீட் அடிக்கும்போது வெயில் உச்சிக்கு வந்திருக்கும். அந்தச் சுமையை வேறொருவரிடம் கொடுங்கள், அல்லது அந்த மாதம் பாலாகவே விற்றுவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. ரமலான் ஆண்டுதோறும் பத்துப் பன்னிரண்டு நாட்கள் முன்னே வருகிறது. அடுத்த சில ஆண்டுகளுக்கு அது மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும் காலத்தை ஒட்டியே விழும். வெட்டு நின்றால் கூலியும் நிற்கும். பெருநாள் செலவோ முன்னால் நிற்கும். ஏழைகளுக்குக் கொடுக்கும் பெருநாள் தர்மமான பித்ராவைப் பெருநாள் தொழுகைக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும் என்பதால், முன்பணம் தருவதாக இருந்தால் பெருநாளுக்கு ஒரு வாரம் முன்பே தந்துவிடுங்கள். நேரச் சலுகையைவிட அவருக்கு இதுதான் அதிகம் உதவும்.

எங்கள் பெண் ஊழியர் ஒருவர் நோன்பு என்றார். நேற்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சலுகை நேரத்தை நிறுத்தலாமா? – முந்திரி ஆலை மேற்பார்வையாளர், விளவங்கோடு பகுதி

கூடாது, காரணமும் கேட்காதீர்கள். மாதவிடாயில் இருப்பவர் நோன்பு வைக்கக் கூடாது. விடுபட்ட நாட்களைப் பிறகு வைத்துக்கொள்வார். நோயாளி, பயணி, கர்ப்பிணி, பாலூட்டும் தாய் ஆகியோருக்கும் விலக்கு உண்டு. இவற்றில் எதையும் ஒரு பெண் மேற்பார்வையாளரிடம் விளக்கவேண்டிய கட்டாயம் இல்லை. மாதத் தொடக்கத்தில் ஒப்புக்கொண்ட நேரம் மாத இறுதிவரை அப்படியே இருக்கட்டும்.

கிலோ கணக்கில் கூலி என்றால், நேரத்தைக் குறைத்தாலே கூலி குறைந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு மணி நேரம் முன்னதாகத் தொடங்கி முன்னதாக முடிக்க விடுவதுதான் சரி.

சரக்கு வேன் ஓட்டுநருக்குச் சர்க்கரை நோய். ஆனாலும் நோன்பு வைப்பேன் என்கிறார். தடுக்கலாமா? – கோட்டாறு

நோன்பைத் தடுப்பது உங்கள் வேலை இல்லை. வண்டியை யார் ஓட்டுவது என்பதை முடிவுசெய்வது உங்கள் வேலை. நோன்பு தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை, இன்சுலின் அளவையும் நேரத்தையும் மாற்றவேண்டி வரும். தானாக மாற்றிக்கொள்வது ஆபத்து. இன்சுலின் போடுபவராக இருந்தால் கூடுதல் கவனம் தேவை.

விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அந்தத் தயக்கத்தால் பலர் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள். அளவு 70க்குக் கீழே போனால் உடனே நோன்பை விட்டு இனிப்பு எடுத்துக்கொள்ள வேண்டும். கை நடுக்கம், திடீர் வியர்வை, கண் மங்கல் வந்தால் வண்டியை ஓரம் கட்டுவதுதான் முதல் வேலை. மாலை நான்கு முதல் ஏழு வரை அவருக்கு ஓட்டம் வேண்டாம். நெடுந்தூரப் பயணங்களை அந்த மாதம் வேறு ஓட்டுநருக்கு மாற்றுங்கள், சம்பளத்தைக் குறைக்காமல்.

"அவர்களுக்கு மட்டும் ஏன்?" என்று மற்றவர்கள் முணுமுணுக்கிறார்கள். பெருநாள் விடுமுறையை எந்த நாளில் விடுவது என்பதும் குழப்பம். – அச்சகம், தக்கலை

முணுமுணுப்பு குமரியில் எனக்கு வியப்பளிக்கிறது. 2026இல் கிறிஸ்தவர்களின் தவக்காலம் பிப்ரவரி 18இல் தொடங்கியது, ரமலான் நோன்பு மறுநாள் தொடங்கியது. மாசியில் மண்டைக்காடு பகவதி அம்மன் கோயிலுக்கு விரதமிருந்து செல்பவர்களும் அதே பட்டறையில் இருக்கிறார்கள். கேட்பவர் எவராக இருந்தாலும் அவருடைய விரதத்துக்கும் இதே சலுகை உண்டு என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கிறிஸ்துமஸ் முன்னிரவில் யார் மாற்றாள் நின்றார்கள் என்பதையும் அவர்களே ஞாபகப்படுத்திக்கொள்வார்கள்.

விடுமுறை விஷயத்தில், பிறை பார்த்துத்தான் பெருநாள். நம் மாவட்டத்தில் ஒரே தெருவில் இரண்டு நாட்களில் கொண்டாடப்படுவதும் உண்டு. எது சரியான நாள் என்ற வாதத்துக்குள் நுழையாதீர்கள். நாள்காட்டியில் அச்சான தேதியோடு, முன்னும் பின்னும் ஒரு நாளை அவரவர் தேர்ந்துகொள்ள விட்டுவிடுங்கள். மாற்று ஏற்பாட்டை, மாலையில் பிறை பார்க்கும் 29ஆம் நோன்பன்று காலையிலேயே முடிவுசெய்துவிட்டால் இரவில் தொலைபேசி அடிக்காது. தமிழ்நாட்டின் 1958ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டப்படி தொழில் நிறுவனங்கள் நான்கு தேசிய விடுமுறைகள் தவிர ஐந்து பண்டிகை விடுமுறைகளும் தரவேண்டும். அந்த ஐந்தைத் தீர்மானிக்கும்போது ஊழியர்களைக் கலந்துகொள்ளுங்கள்.

அலுவலகத்தில் நோன்பு திறக்கும் இஃப்தார் விருந்து வைக்க ஆசை. மண்டபம் பிடிக்கலாமா? – கட்டுமான நிறுவனம், குளச்சல்

மண்டபமும் மேடையும் வேண்டாம் என்பதே என் கருத்து. நோன்பு திறந்தவுடன் சொற்பொழிவு கேட்கும் மனநிலை எவருக்கும் இருக்காது, அதுவும் மஃரிப் நேரம் குறுகியது. பேரீச்சம்பழம், தண்ணீர், பழம், வடை இருந்தால் போதும். அரிசி, பயறு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால் சேர்த்து வேகும் நோன்புக் கஞ்சியைப் பள்ளிவாசலில் அஸர் என்ற பிற்பகல் தொழுகைக்குப் பிறகு எல்லா மதத்தவருக்கும் ஊற்றுகிறார்கள். மற்ற ஊழியர்களும் தூக்குவாளியோடு போய் வாங்கி வரட்டும். இறைச்சி வைத்தால் ஹலால் கடையில் வாங்கியது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கை கழுவ, தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவும் ஒளு செய்யக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று மதியமே பார்த்துவையுங்கள். படம் எடுத்து நிறுவனப் பக்கத்தில் போடுவதாக இருந்தால், படத்தில் இருப்பவர்களிடம் முதலில் கேளுங்கள்.